ஃபிட்ஸ் நிக்கலையா? மொதல்ல மணியப் பாருங்க

ரெண்டு மூணு மாத்திரை மாத்திப் பாத்தும் ஃபிட்ஸ் கட்டுப்படாத பொண்ணு எங்க வீட்ல இருக்கா, அந்த அனுபவத்துல எழுதுறேன், நான் டாக்டர் இல்ல.

வந்த உடனே ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க, ஏன்னா பதட்டத்துல ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாத் தெரியும். பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சில் வெளிய வழியட்டும். வாயில ஸ்பூன், தண்ணி எதுவும் வேணாம். பக்கத்து வீட்டுப் பாட்டி சாவிக்கொத்தோட ஓடி வருவாங்க. முக்காவாசி ஃபிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நின்னுடும், பேரு மட்டும் சாவிக்குப் போயிடும்.

5 நிமிஷம் தாண்டுச்சுன்னா தானா நிக்கிறது கஷ்டம், லேட் ஆக ஆக மருந்துக்கும் அடங்காது. அதனால ஆஸ்பத்திரி போய்ப் பாத்துக்கலாம்னு இருக்காம டாக்டர் எழுதிக்குடுத்த மிடசோலம் (ஃபிட்ஸை நிறுத்துற மருந்து) ஸ்ப்ரேயை வீட்லயே மூக்குல அடிச்சிடணும். புது பாட்டில்னா மொதல்ல காத்துல சில தடவை அழுத்துங்க, இல்லன்னா வெறுங்காத்துதான் வரும். அப்புறம் ரெண்டு மூக்குலயும் மாத்தி மாத்தி. எத்தன தடவைங்கிறது எடையப் பொறுத்தது, பொதுவா கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், ஆனா பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், டாக்டர் எழுதுனத மட்டும் பாருங்க. நாங்க 11 கிலோவுல எழுதுன டோஸையே அவ 16 கிலோ ஆனப்புறமும் அடிச்சிட்டு, ஏன் நிக்கலன்னு அழுதுட்டு இருந்தோம்.

ஸ்ப்ரே அடிச்ச கையோட 108க்குப் போன். மூச்சு சீரா இருக்கா, உதடு நீலமாகுதான்னு பாத்துட்டே இருங்க. ரெண்டாவது டோஸ் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தா மட்டும்.

ஆஸ்பத்திரில சுகர் பாப்பாங்க, தேவைப்பட்டா ஊசில லோராசெபாம் மாதிரி மருந்து இன்னொரு டோஸ் போடுவாங்க. அப்பவும் நிக்கலன்னா லெவெட்டிரசெட்டாம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட்னு மூணு ஃபிட்ஸ் மருந்துல ஒண்ணு. எது பெஸ்ட்னு கேட்டு சண்டை போடாதீங்க, 2019ல வந்த அமெரிக்க ஆய்வுல மூணுமே கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் வேலை செஞ்சுது. அதுக்கும் அடங்கலன்னாதான் ஐசியூ, மிடசோலம் டிரிப், ஈஈஜி (மூளையோட மின் அலையப் பாக்குற டெஸ்ட்), சில சமயம் வென்டிலேட்டர். கை கால் ஆட்டம் நின்னாலும் மூளைக்குள்ள ஓடிட்டே இருக்கலாம், அதனாலதான் ஈஈஜிய எடுக்காம வெச்சிருப்பாங்க.

அந்த நேரத்துல நமக்கு வாய் குழறும். அதனால சாப்பிடுற மாத்திரை, டோஸ், அலர்ஜி, எடை எல்லாம் ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க, கிளம்பும்போது அப்டியே கிழிச்சு எடுத்துட்டு அதுலயே ஃபிட்ஸ் ஆரம்பிச்ச மணி, ஸ்ப்ரே அடிச்ச மணி ரெண்டையும் கிறுக்கிக் குடுங்க. எடைய மட்டும் பென்சில்ல எழுதுங்க, அடிக்கடி அழிக்க வேண்டியிருக்கும்.