சீக்கிரமா, தாமதமா? ரிதம் கேம் காட்டும் கணக்கைப் படிப்பது எப்படி

பாட்டின் தாளத்துக்குத் தட்டி ஆடும் ரிதம் கேமில் பாட்டு முடிந்ததும் திரை நிறைய ஓர் எழுத்து வரும். ஏ, எஸ், சில கேம்களில் எஸ்எஸ். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதே திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை தட்டல் சீக்கிரம், எத்தனை தட்டல் தாமதம். திரையில் இல்லையென்றால் செட்டிங்ஸில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்வது அந்த இரண்டும்தான். "எவ்வளவு ஆடினாலும் ஸ்கோர் நகரமாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சீக்கிரம் தட்டுகிறீர்களா, தாமதமாகவா என்று. பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பதற்காக.

முதலில் கேம் எப்படி அளக்கிறது என்று பார்த்துவிடுவோம். உள்ளே நடப்பது வெறும் கழித்தல். ஒவ்வொரு நோட்டுக்கும், அதாவது தட்ட வேண்டிய ஒவ்வொரு குறிக்கும், பாட்டில் ஒரு சரியான நேரம் குறித்து வைத்திருப்பார்கள். நீங்கள் தட்டிய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் ஒரு வித்தியாசம் வரும், மில்லி விநாடிக் கணக்கில். பூஜ்யத்துக்கு இருபுறமும் எவ்வளவு தூரம் வரை 'பெர்ஃபெக்ட்', அதைத் தாண்டி எதுவரை 'கிரேட்', அதற்கும் அப்பால் 'குட்', பிறகு 'மிஸ்' என்று கேம் கோடு போட்டு வைத்திருக்கும். இந்த அகலத்துக்குத்தான் டைமிங் விண்டோ என்று பெயர்.

2007-இல் வந்த ஓசு (osu!) என்ற கணினி ரிதம் கேமில் இந்த அகலம் வெளிப்படையான சூத்திரம். ஓவரால் டிஃபிகல்ட்டி என்று ஒரு எண் இருக்கும். அதை 6-ஆல் பெருக்கி 80-இலிருந்து கழித்தால் அதன் உச்சத் தீர்ப்பான 300 புள்ளி கிடைக்கும் எல்லை வந்துவிடும். எண் 5 என்றால் இருபுறமும் 50 மில்லி விநாடி. 8 என்றால் 32. 10 என்றால் 20தான். பீட்மேனியா ஐஐடிஎக்ஸ், டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் போன்ற ஆர்கேட் கேம்களில் உச்சத் தீர்ப்பின் எல்லை இருபுறமும் சுமார் 16.7 மில்லி விநாடி. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை, விநாடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒரு ஃபிரேம் நிற்கும் நேரம் அது.

ஆக, ஒரு கேமின் 'பெர்ஃபெக்ட்' இன்னொரு கேமில் சுமாரான தட்டலாக இருக்கலாம். ஆர்கேயா என்ற கேமில் உச்சத் தீர்ப்பான 'ப்யூர்' வாங்க 50 மில்லி விநாடி வரை இடம் உண்டு. அதற்குள்ளேயே 25 மில்லி விநாடிக்குள் விழுந்தால் நோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதல். மொத்த ஸ்கோர் ஒரு கோடி இருக்கும் கேமில் ஒரு புள்ளி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் எல்லா நோட்டும் ப்யூர் வாங்கிவிட்ட இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். புதிதாக ஆடுகிறவர் கண்ணில் அது படவே படாது, தேடுகிறவருக்கு மட்டும் ஒரு மாடி கூடுதலாக இருக்கும்.

புள்ளி எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிக்கு முன் உங்கள் கேம் எதற்குக் கூலி தருகிறது என்று பாருங்கள். கேமுக்குக் கேம் இது தலைகீழாக மாறும்.

2005-இல் வந்த கிட்டார் ஹீரோவில் தீர்ப்பு இரண்டே: பட்டது, படவில்லை. விண்டோவின் நட்டநடுவில் அடித்தாலும் விளிம்பில் அடித்தாலும் ஒரே புள்ளி. அங்கே கூலி தொடர்ச்சிக்குத்தான். விடாமல் 10 நோட் அடித்தால் இரண்டு மடங்கு, 20-க்கு மூன்று, 30-க்கு நான்கு; ஆட்டத்தில் சேர்த்து வைத்து வேண்டும்போது செலவழிக்கும் ஸ்டார் பவரைப் போட்டால் அதுவும் இரட்டிப்பாகி எட்டு. இந்த மாதிரி கேமில் பெர்ஃபெக்டைத் துரத்துவது வீண் வேலை. ஸ்டார் பவரை எங்கே செலவழிப்பது என்று திட்டம் போடுங்கள், ஸ்கோர் ஏறும்.

பீட்மேனியாவின் இஎக்ஸ் ஸ்கோர் இதற்கு நேர் எதிர். உச்சத் தீர்ப்புக்கு 2, அடுத்ததற்கு 1, மற்றதற்கெல்லாம் பூஜ்யம். காம்போ, அதாவது விடாமல் அடித்த தொடர்ச்சி, என்பதே கணக்கில் இல்லை. துல்லியத்தைத் தவிர வேறு எதையும் அது பார்ப்பதில்லை.

ஓசு இரண்டையும் கலக்கிறது. துல்லிய சதவீதத்தில் 300, 100, 50 என்று மூன்று படி. 500 நோட் உள்ள பாட்டில் 480 நோட்டுக்கு 300-ம் 20 நோட்டுக்கு 100-ம் வாங்கினால் 97.33% வரும். இருபது சறுக்கலுக்கு மூன்று சதவீதம்கூடப் போகவில்லை, நியாயமான தண்டனைதான். ஆனால் அதன் பழைய ஸ்கோர் முறையில் ஒவ்வொரு தட்டலும் அதுவரை சேர்ந்த காம்போவோடு பெருக்கப்படும். அதில் பாட்டின் சரிபாதியில் ஒரே ஒரு நோட்டை விட்டால் ஸ்கோர் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே ஒரு நோட்டைக் கடைசியில் விட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையாது. விட்ட நோட்டு ஒன்றுதான், விட்ட இடம் வேறு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பதற்றத்தைக் கூட்ட இது நல்ல வழி, திறமையை அளக்க மோசமான வழி. காம்போ முறையில் ஸ்கோர் தரும் கேமில் ஆடுகிறீர்கள் என்றால், உங்கள் முன்னேற்றத்தை ஸ்கோரில் பார்க்காதீர்கள், துல்லிய சதவீதத்தில் பாருங்கள்.

பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் விஆர் கேமான பீட் சேபர் இந்தக் கூட்டத்திலேயே சேராது. ஒரு கட்டைக்கு அதிகபட்சம் 115 புள்ளி: வெட்டுவதற்கு முன் வீச்சுக்கு 70, வெட்டிய பின் வீச்சுக்கு 30, நடுவில் வெட்டியதற்கு 15. நேரத்துக்கு நேரடிப் புள்ளி எதுவும் கிடையாது. கையை நன்றாக வீசினாலே போதும். அந்த கேம் ஆடுகிறவர்களுக்கு இனிமேல் வருவது அவ்வளவாகத் தேவைப்படாது.

முதல் வேலை: ஆஃப்செட்

எப்போதும் ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தை ஒரு முறை திருத்தினால் போதும். நாளுக்கு ஒரு நேரம் காட்டும் கடிகாரத்தை என்ன செய்ய முடியும்? தட்டலிலும் இந்த இரண்டு வகைக் கோளாறு உண்டு. முதல் வகை பெரும்பாலும் கருவியின் குற்றம், மொத்த நேரத்தையும் முன்னோ பின்னோ தள்ளும் ஆஃப்செட் என்ற செட்டிங்கால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இரண்டாவது கையின் குற்றம், அதற்குப் பயிற்சிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கருவியின் தாமதத்தைக் கையால் ஈடுகட்ட முயல்வதில்தான் ஆட்கள் காலத்தைத் தொலைக்கிறார்கள்.

புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். ஒலி உங்கள் காதுக்கு வருவதற்குள் 100, 200 மில்லி விநாடி போய்விடுவது சாதாரணம். மேலே சொன்ன விண்டோக்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். ஒயர் உள்ளதைப் போடுங்கள். டிவியில் ஆடினால் கேம் மோடை ஆன் செய்யுங்கள், படத்தை மெருகேற்றும் வேலைகள் எல்லாம் தாமதம் சேர்ப்பவை. ஸ்பீக்கர் தள்ளி இருந்தால் ஒலி காற்றில் வந்து சேர மீட்டருக்கு சுமார் 3 மில்லி விநாடி ஆகும். ஒரு மீட்டருக்கு இது பெரிதில்லை. அறையின் அந்தக் கோடியில் ஸ்பீக்கர் இருந்தால் கணக்கில் வரும்.

இதன்பிறகு செட்டிங்ஸுக்குப் போய் சீக்கிரம்-தாமதம் காட்டுவதை ஆன் செய்யுங்கள். 'ஃபாஸ்ட்/ஸ்லோ' என்றோ 'ஏர்லி/லேட்' என்றோ இருக்கும். சராசரிப் பிழையை எண்ணாகக் காட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு மனப்பாடமான, எளிதான, வேகம் மாறாத ஒரு பாட்டை எடுத்து, திருத்த முயலாமல் இயல்பாக ஆடுங்கள். தாமதம் என்று வந்தால் வேண்டுமென்றே முந்தித் தட்டாதீர்கள், அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் சமாளிப்பைத்தான். இப்படிச் சில பாட்டு ஆடியும் சராசரி தொடர்ந்து 18 மில்லி விநாடி தாமதம் என்று வந்தால், ஆஃப்செட்டை 18 நகர்த்துங்கள்.

கூட்டலா கழித்தலா என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு திசையை வைத்திருக்கிறது. யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ளாமல் ஒரு பக்கம் நகர்த்தி, அதே பாட்டை மறுபடி ஆடிப் பாருங்கள். பிழை இரட்டிப்பானால் மறுபக்கம். ஒலிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு ஆஃப்செட் இருக்கும் கேமில், முதலில் ஒலியைச் சரிசெய்துவிட்டு அப்புறம் திரையைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது.

மெட்ரோனோம் ஒலிக்குத் தட்டச் சொல்லும் தானியங்கி அளவீட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சீரான ஒலிக்குத் தட்டும்போது பெரும்பாலானவர்கள் சில பத்து மில்லி விநாடி முந்தித் தட்டுவார்கள், மனித இயல்பே அது. பாட்டு ஆடும்போது அதே அளவு முந்துவீர்கள் என்று உத்தரவாதம் இல்லை. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, நிஜ ஆட்டத்தின் சராசரியைப் பார்த்துத் திருத்துங்கள்.

15 மில்லி விநாடிக்கு இவ்வளவு அலட்டலா என்றால், ஒரு கணக்கு. உங்கள் தட்டல்கள் 10 மில்லி விநாடி திட்டவிலக்கத்தோடு (சராசரியிலிருந்து சிதறும் அளவு) மணி வடிவில் சிதறுகின்றன, விண்டோ இருபுறமும் 20 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருந்தால் 100-க்கு 95 உள்ளே விழும். அதே கை, அதே சிதறல், மொத்தமாக 15 மில்லி விநாடி மட்டும் தள்ளிப்போனால் 69தான் உள்ளே விழும். பயிற்சியால் இந்த 26-ஐ மீட்க எவ்வளவு நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சிதறல்

ஓசுவில் இதற்கு அன்ஸ்டேபிள் ரேட் என்று பெயர். உங்கள் பிழைகளின் திட்டவிலக்கத்தைப் பத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். 100 என்றால் 10 மில்லி விநாடி, 160 என்றால் 16. இந்த எண்ணின் அழகு என்னவென்றால், ஆஃப்செட் எவ்வளவு தப்பாக இருந்தாலும் இது மாறாது. நீங்கள் எவ்வளவு சீராகத் தட்டுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லும்.

எண்ணைவிடப் படம் அதிகம் பேசும். திரையின் கீழே ஒரு சின்னப் பட்டை ஓடும், எர்ரர் பார் என்பார்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. ஒவ்வொரு முறை தட்டும்போதும் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் (சீக்கிரம்) அல்லது வலப்பக்கம் (தாமதம்) ஒரு மெல்லிய கீறல் விழுந்து மெதுவாக மங்கும். ஓசுவில் நடுப்பகுதி நீலம், அதற்கு வெளியே பச்சை, ஓரத்தில் ஆரஞ்சு. ஆடும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நோட்டை விட்டுவிடுவீர்கள். ரீப்ளேயில் பாருங்கள். கீறல்கள் விழும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கீறல்கள் இரண்டு குவியலாக விழுந்தால் பெரும்பாலும் இரண்டு விரலும் இரண்டு நேரத்தில் இறங்குகின்றன. என் இடது கை வலது கையைவிட எப்போதும் கொஞ்சம் முந்தும். ஒரு கையால் மட்டும் ஆடிப் பார்த்தால் எந்தக் குவியல் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். வேகமான தொடர் நோட்டுகளில் கீறல்கள் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போனால் கை தாளத்தைவிட்டு ஓடுகிறது. அதற்கு அந்தப் பகுதியைப் பாதி வேகத்தில் ஆடுவதைவிட, கண்ணைப் பாதி மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்டு ஆடுவது எனக்கு உதவியது. இடைவெளிக்குப் பின் வரும் முதல் நோட்டு மட்டும் தாமதமாக விழுந்தால், நோட்டு கண்ணில் பட்ட பிறகுதான் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இடைவெளியிலும் காலால் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் எல்லாக் கீறலும் ஒரு பக்கம் விழுந்தால் உங்கள் மேல் தப்பில்லை, அந்தப் பாட்டை நோட் போட்டவர் நேரத்தைத் தள்ளிக் குறித்திருக்கிறார். மொத்த ஆஃப்செட்டில் கை வைக்காமல் அந்தப் பாட்டுக்கு மட்டும் உள்ள ஆஃப்செட்டை மாற்றுங்கள்.

எந்தப் பட்டையும் காட்டாத கேம்களும் உண்டு. நின்டென்டோவின் ரிதம் டெங்கோகு (2006) ஒவ்வொரு தட்டலுக்கும் 'பெர்ஃபெக்ட்', 'குட்' என்று எழுதிக் காட்டாது. லேசாகத் தவறினால் ஒலி மாறும், திரையில் இருக்கும் பொம்மையின் செய்கை கோணலாகும். பீட்மேனியாவில் சாவியை அழுத்தினால்தான் அந்த இசைத் துணுக்கே ஒலிக்கும். தாமதமாகத் தட்டினால் அந்தத் துணுக்கே தாமதமாக ஒலிக்கும், எந்தச் சொல்லும் தேவையில்லை. இப்படிப்பட்ட கேம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் காதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். களைப்பாக இருக்கும்போது சராசரி தானாக ஐந்தாறு மில்லி விநாடி நகரும், அதைத் துரத்தினால் நாளைக்கு எதிர்ப்பக்கம் துரத்த வேண்டியிருக்கும். திரையையோ ஹெட்போனையோ கண்ட்ரோலரையோ மாற்றினால் மட்டும் முதலிலிருந்து அளந்துகொள்ளுங்கள், பழைய எண்ணை எங்காவது குறித்து வைத்துவிட்டு.