புழு மருந்து தேடுகிறவர் முதலில் பொறுக்க வேண்டியது புழுக்கை

மாதம் ஒருவராவது ஒரு பாட்டிலோடு வந்து நிற்பார். உள்ளே வேப்பிலைச் சாறு, குப்பைமேனி, பப்பாளி விதை, ஏதோ ஒன்று. "மேடம், இதில் போட்டால் புழு செத்துப்போகிறது." செத்துத்தான் போகும். கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டாலும் சாகும். புழுவைக் கொல்வது சுலபம். ஆட்டை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் கொல்வதுதான் வேலை. நான் கால்நடை மருத்துவர். ஆட்டுக் குடற்புழுக்களோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். சோதனை செய்ய ரோபோ கிடையாது, பெரிய நிதியும் கிடையாது. புது புழு மருந்து தேட, புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது.

முதலில் எந்தப் புழு என்று முடிவு செய்யுங்கள். சீ. எலிகன்ஸ் மண்ணில் தானாக வாழும் புழு. மூன்று நாளில் ஒரு தலைமுறை, தீனிக்கு பாக்டீரியா போதும். ஆனால் அதன் தோல் பல மருந்துகளை உள்ளே விடாது, அது ஒட்டுண்ணியும் இல்லை. நான் ஹீமாங்கஸ் கன்டார்டஸ்தான் எடுப்பேன். ஆட்டின் நாலாவது வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு. பெண்புழுவைப் பார்த்தால் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கியது போல இருக்கும். ஒரு பெண்புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும், ஆக முட்டைக்குப் பஞ்சமே வராது.

வளர்ந்த புழு வேண்டுமென்றால் விடியற்காலையில் ஆடு அறுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். டீ பிளாஸ்க் ஒன்றில் 39 டிகிரி லேசான உப்புநீர் கொண்டுபோங்கள். குளிர்ந்துவிட்டால் புழு சுருண்டு கிடக்கும், அது குளிராலா மருந்தாலா என்று சொல்ல முடியாது. கறிக்கடைக்காரரிடம் முதல் வாரமே சிநேகமாகிவிடுங்கள். எங்கள் ஊர்க்காரர் இப்போது அவராகவே, "டாக்டரம்மா, தாடை வீங்குன ஆடு ஒண்ணு வந்துருக்கு" என்று போன் செய்கிறார். தாடை வீக்கம் இந்தப் புழு இருப்பதற்கு ஓர் அறிகுறி.

முட்டைக்குப் புழுக்கை. தரையில் கிடப்பதைப் பொறுக்காதீர்கள், மண்ணில் வாழும் வேறு நுண்புழுக்கள் ஏறியிருக்கும். ஆசனவாயிலிருந்தே நேராக எடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க முடியாதென்றால் பாட்டிலில் தண்ணீரோடு விளிம்புவரை நிரப்பி, காற்று புகாமல் மூடுங்கள். காற்று பட்டால் முட்டைக்குள் குஞ்சு வளரத் தொடங்கிவிடும். அப்புறம் கரைத்து, வடிகட்டி, செறிந்த உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, 25 மைக்ரான் சல்லடையில் உடனே கழுவுங்கள். எந்த ஆடு, கடைசியாக எந்தப் பூச்சி மருந்து, எப்போது என்று ஆட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்பெண்டசோல் என்ற வழக்கமான குடற்புழு மருந்துக்கு மசியாத புழு எங்கும் இருக்கிறது. அப்படிப்பட்ட புழு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், புது மருந்தைச் சோதிக்க அதுதான் சரியான ஆள்.

96 சிறு குழிகள் உள்ள தட்டில், சோதிக்கும் மருந்தோடு, குழிக்குச் சுமார் 100 முட்டை. 27 டிகிரியில் 48 மணி நேரம். பிறகு ஒரு சொட்டு லூகால் அயோடின் விட்டுப் பொரிவதை நிறுத்தி, பொரிந்ததையும் பொரியாததையும் எண்ணுங்கள். இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் 14 சாறுகளைப் போட்டேன். பதினாலும் முட்டையைக் கொன்றன. இனிப்பு வாங்கிக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் டிஎம்எஸ்ஓ ஊற்றிய குழி எங்கே?" என்றார். டிஎம்எஸ்ஓ என்பது சாற்றைக் கரைக்க ஊற்றும் கரைப்பான். அது மட்டும் ஊற்றிய குழியே நான் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தபோது கொன்றது கரைப்பான்தான் என்று தெரிந்தது. கணக்குத் தவறி 5 சதவீதம் ஊற்றியிருந்தேன். ஒரு சதவீதத்தைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீர், வெறும் கரைப்பான், தெரிந்த மருந்து, மூன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும்.

எந்தச் சோதனை என்பதும் முக்கியம். அல்பெண்டசோல் முட்டை பொரிவதைத் தடுக்கும். புழுவின் அசைவை மட்டும் பார்த்தால் ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும். வேறு இரண்டு குடற்புழு மருந்துகளில், லெவாமிசோல் பட்ட புழு விறைத்துச் சுருங்கும், ஐவர்மெக்டின் பட்டது துவளும். ஆகவே அசைந்ததா இல்லையா என்று மட்டும் குறிக்காமல் எப்படிக் கிடக்கிறது என்றும் எழுதுங்கள். அசையாத புழுவை நல்ல தண்ணீரில் கழுவி மறுநாளும் பாருங்கள். சில எழுந்து நடமாடும்.

தட்டு இன்னொரு பக்கமும் ஏமாற்றும். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி, தட்டில் இருக்கும் அந்த நோய்ப் புழுவின் குஞ்சுகளை அநேகமாக ஒன்றும் செய்யாது. உடம்புக்குள் போனால்தான் வேலை செய்யும். 1947இல் அது வெளிவந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை வகித்த குழுவிடமிருந்து. அவர்கள் புழு தொற்றிய பருத்தி எலிகளுக்கே கொடுத்துப் பார்த்ததால் சிக்கியது. ஐவர்மெக்டினுக்கு மூலமான பொருளும் அப்படித்தான். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரை வளர்த்த கரைசலை, மெர்க் மருந்துக் கம்பெனியில் வில்லியம் கேம்ப்பெல் இருந்த குழு புழு தொற்றிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. எலி சாகாமல் புழு மட்டும் போனால், மருந்து நச்சா, உடம்பு அதை உறிஞ்சுமா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே எலியில் பாதி பதில் கிடைத்துவிடும். 2015இல் இருவருக்கும் நோபல். எனக்கு இந்த வழிமேல் தனிப் பிரியம். ஆனால் எலிக்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதனால் தட்டில் தேறியதைப் பாலூட்டிச் செல்களிலும் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். புழுவைக் கொல்லும் அளவும் செல்லைக் கொல்லும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். பாட்டில் சாறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் விழும்.

இதையெல்லாம் தாண்டி, அனுமதியோடு பண்ணை ஆடு வரை வந்தால்: கூட்டத்துக்குப் பத்து ஆடு. கொடுத்த அன்றும் 14ஆம் நாளும் புழுக்கை எடுத்து, கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுங்கள். மருந்து கொடுக்காத பத்து ஆடும் அதே பட்டியில் இருக்க வேண்டும். ஆடு பார்க்கிறவர் பாவம் பார்த்து அவற்றுக்கும் பூச்சி மருந்து ஊற்றிவிடுவார், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. ரத்தம் குறைந்து கீழிமை வெளுத்துப்போன ஆட்டைச் சோதனையிலிருந்து எடுத்து உடனே வைத்தியம் பார்ப்போம், மிச்சத்துக்கு 15ஆம் நாள் நாமே மருந்து ஊற்றுவோம் என்று அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.