குட்டித் தீவு நாடு ஒன்றைப் படிப்பது எப்படி? நவூருவில் தொடங்குவோம்

ஒரு நாட்டைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் தலைநகர், மக்கள்தொகை, நாணயம் என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறோம். இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. தீவு நாடுகளுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: முதலில் மண்ணைப் பாருங்கள். நிலம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், காசு எங்கிருந்து வந்தது, எதற்காக நீதிமன்றம் போனார்கள் என்பதெல்லாம் ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். என் அண்ணன் மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பழகுவதற்கு நவூருவை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே மிகச் சிறிய தீவு நாடு அது. கட்டம் போட்ட நோட்டு, பென்சில், செயற்கைக்கோள் படம் காட்டும் வரைபடச் செயலி உள்ள கைபேசி இருந்தால் போதும்.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

செயலியில் நவூருவைத் தேடுங்கள். பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 55 கி.மீ. தள்ளி ஒரு புள்ளி தெரியும். இன்னொரு நிலம் கண்ணில் படும்வரை படத்தைச் சுருக்கிக்கொண்டே போங்கள். கிழக்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில் பனாபா என்ற தீவு வரும். அதுதான் மிக அருகில் உள்ள அக்கம்பக்கம்.

பரப்பளவு 21 சதுர கி.மீ. இந்த எண்ணை வெறுமனே எழுதாமல், நான்கரை கி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமாக நோட்டில் வரைந்து பாருங்கள். அவ்வளவுதான் நாடு. அதில் ஏறக்குறைய 12,000 பேர் வாழ்கிறார்கள்.

படி 2: தீவைக் குறுக்கே வெட்டி வரையுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். செயற்கைக்கோள் படத்தில் தீவின் ஓரம் பச்சை வளையமாகவும் நடுப்பகுதி பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாகவும் தெரியும். நடுவில் கத்தி வைத்துக் கேக் வெட்டியதுபோல நினைத்துக்கொண்டு, கடலிலிருந்து உள்ளே போகும் வரிசையில் வரையுங்கள்.

முதலில் பவளப்பாறைத் திட்டு. கப்பல் கரைக்கு அருகே வர இது விடாது. இயற்கைத் துறைமுகம் இல்லாததற்குக் காரணம் இதுதான். அடுத்து சில நூறு மீட்டர் அகலமே உள்ள கரையோரச் சமவெளி. தென்னையும் தாழையும் வீடுகளும் அங்கேதான். அப்புறம் ஒரு செங்குத்தான ஏற்றம். ஏறினால் பவளச் சுண்ணாம்புப் பாறையால் ஆன மேட்டுநிலம். தென்மேற்கில் புவாடா என்ற சிறு காயலைச் சுற்றிக் கொஞ்சம் வளமான மண் இருக்கிறது. ஆறு ஒன்றுகூட இல்லை.

மேட்டுநிலத்தை வரையும்போது நேர்கோடு போடாதீர்கள். ரம்பப் பல்லைப் போல ஏற்ற இறக்கமாகப் போடுங்கள். சுண்ணாம்புப் பாறைத் தூண்களும் அவற்றின் இடுக்குகளில் நிறைந்திருந்த பாஸ்பேட்டும் சேர்ந்ததுதான் அந்த மேடு. பாஸ்பேட் உரம் செய்ய உதவும். அதைத் தோண்டி எடுத்தபின் தூண்கள் மட்டும் மொட்டையாக நிற்கின்றன. அங்கே உழவும் முடியாது, வீடும் கட்ட முடியாது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் இப்படி ஆகிவிட்டது. பாஸ்பேட் இருந்த இடுக்குகளை வண்ணம் தீட்டி வையுங்கள். படி 4-இல் தேவைப்படும்.

படி 3: மக்களைக் கொடியிலிருந்து படியுங்கள்

கொடியை வரைவது சுலபம். நீல நிறம், நடுவில் மஞ்சள் கோடு, கோட்டுக்குக் கீழே வெள்ளை நட்சத்திரம். கோடு நிலநடுக்கோடு, நட்சத்திரம் நவூரு. நட்சத்திரத்தின் 12 முனைகள் 12 குலங்கள். பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். பேச்சு நவூரு மொழி. அலுவல்களில் ஆங்கிலமும் உண்டு.

கொடியின் பக்கத்தில் மூன்று ஆண்டுகளை எழுதுங்கள்: 1932, 1943, 1946. நோய்களால் குறைந்துபோயிருந்த மக்கள்தொகை 1932-இல் 1,500-ஐ எட்டியது. இனம் அழியாமல் நிலைக்க அவ்வளவு பேராவது வேண்டும் என்று கருதியிருந்ததால் அந்த நாளை அங்காம் நாள் என்று இன்றும் அக்டோபர் 26-இல் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பான், 1943-இல் சுமார் 1,200 பேரைப் பசிபிக்கிலேயே உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனது. 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். சுதந்திரம் வந்ததும் அதே ஜனவரி 31-இல்தான், 1968-இல். இந்தத் தேதியை நான் மறந்ததே இல்லை.

படி 4: காசு போன வழியை அம்புக்குறியால் காட்டுங்கள்

வண்ணம் தீட்டிய இடுக்குகளிலிருந்து ஒரு அம்பு வெளியே போகட்டும். ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தபோது, 1900-களின் தொடக்கத்தில், பாஸ்பேட் தோண்டுவது ஆரம்பித்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் அந்தத் தொழிலைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தன. அம்பின் முனையை ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களில் வையுங்கள். நிலத்துக்காரர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

1970-இல் தொழில் நவூருவின் கைக்கு வந்தது. அம்பைத் தீவை நோக்கித் திருப்புங்கள். தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றானது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம்கூடக் கட்டினார்கள். பாஸ்பேட் தீரத் தீர, முதலீடுகளும் தவறிப்போய்க் கடன் சேர்ந்தது. 2004-இல் அந்தக் கட்டடம் விற்கப்பட்டது. இதற்கிடையே, சுதந்திரத்துக்கு முன் பாழான நிலத்துக்காக 1989-இல் ஆஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1993-இல் சமரசம், 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. இவ்வளவு சின்ன நாடு இதைச் செய்து காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்றைய வருமானத்துக்கு இரண்டு அம்புகள் போதும். ஒன்று கடலிலிருந்து. நிலம் 21 சதுர கி.மீ. என்றாலும் மீன்பிடி உரிமையுள்ள கடல் 3 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். அங்கே சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் கட்டணம் செலுத்துகின்றன. மற்றொன்று ஆஸ்திரேலியாவிலிருந்து. தன் நாட்டுக்குக் கடல்வழி வரும் அகதிகளை ஆஸ்திரேலியா நவூருவில் அடைத்துவைக்கும் முகாமுக்காக 2001 முதல், இடையில் சில ஆண்டுகள் தவிர, பணம் வருகிறது. 2007-இல் இலங்கையைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பாழான நிலத்தையும் இந்த முகாமையும் ஒரே தாளில் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

படி 5: ஆட்சியை ஒரு கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள்

நாடாளுமன்றத்தில் 19 பேர், மூன்று ஆண்டுக்கு ஒரு தேர்தல். அவர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுப்பார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கவும் செய்வார்கள். 2023-இல் ரஸ் குன் இறங்கி டேவிட் அடியாங் வந்தது அப்படித்தான். அதிகாரபூர்வத் தலைநகர் கிடையாது. அரசு அலுவலகங்கள் யாரென் மாவட்டத்தில் உள்ளன. ராணுவமும் இல்லை.

வாக்களிக்கும் முறைதான் சுவாரசியம். எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் தர வேண்டும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. ஓர் இடத்துக்கு மூன்று வேட்பாளர், ஏழு வாக்காளர் என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்:

மூன்று பேர்: அ, ஆ, இ
இரண்டு பேர்: ஆ, இ, அ
இரண்டு பேர்: இ, ஆ, அ

அ-வுக்கு 3 + 4/3 = 4.33. ஆ-வுக்கு 2 + 5/2 = 4.5. இ-க்கு 2 + 1 + 1 = 4. முதலிடம் அதிகம் பெற்றது அ, ஜெயித்தது ஆ. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில், பலருக்கும் இரண்டாவது விருப்பமாக இருப்பவர் வெல்வது நியாயமாகவே எனக்குப் படுகிறது.

சரி, அடுத்த பக்கத்தைத் திருப்பி, படி 1-இல் பார்த்த பனாபாவுக்கு இதே படங்களை வரையுங்கள். அது கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது, அங்கும் பாஸ்பேட்தான். படி 3-க்கு வரும்போது மட்டும் வரைபடத்தைத் தெற்கே, ஃபிஜியின் ராபி தீவுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். 1945-இல் பனாபா மக்களை அங்கே குடியேற்றிவிட்டார்கள்.