ஃப்ரீ ஃப்ளாப்: சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் ஒரு காலை ரவுண்ட்ஸ். முந்தின நாள்தான் ஒருவருக்குக் கன்னப் புற்றை வெட்டி எடுத்துவிட்டு, முன்கைத் தோலை ரத்தக் குழாய்களோடு எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்து, அந்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு இணைத்திருந்தோம். இப்படி இடம் மாற்றி வைக்கும் திசுதான் ஃப்ரீ ஃப்ளாப். பயிற்சி மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃப்ளாப் நல்லா சிவப்பா இருக்கு சார்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 வருடங்களுக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புகையை நிறுத்தச் சொல்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நாம் செய்யும் சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எந்தக் கை என்று வார்டுக்குச் சொல்லாமல் விடுவது

ஆலன் சோதனை (ஒரு தமனியை எடுத்தாலும் கைக்கு ரத்தம் போகுமா என்று பார்ப்பது) செய்து, ஃப்ளாப் எடுப்பது இடது கையில் என்று முடிவும் செய்திருப்போம். தியேட்டருக்கு வரும்போது பார்த்தால் அதே கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற சிரையில் செருகும் சிறு குழாய்) இருக்கும். ஃப்ளாப்பிலிருந்து ரத்தம் திரும்ப வேண்டிய சிரையே அதுதான். அட்மிஷன் அன்றே "இந்தக் கையில் ஊசி வேண்டாம்" என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

வாயை மூடி வைத்து அளவெடுப்பது

கன்னத்தின் உட்புறத்துக்கு அளவெடுக்கும்போது வாயை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். கையுறை சுற்றி வரும் தாளை வெட்டிப் புண்ணின் மேல் வைத்துப் பார்த்தாலே போதும். மூடிய வாயில் அளவெடுத்தால், கதிர்வீச்சு முடிந்து தழும்பு இறுகிய பிறகு ஓர் இட்லித் துண்டுகூட உள்ளே போகாது. பாக்கு மென்று ஏற்கெனவே வாய் இறுகிப்போனவர்கள் நம்மிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

சிவப்பைப் பார்த்து நிம்மதி அடைவது

ஃப்ளாப் வெளுத்தால் எல்லோரும் பதறுகிறோம். தமனி அடைத்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் அதிகமாக அடைவது சிரைதான். அதன் சுவர் மெலிது, ரத்தம் மெதுவாக ஓடும், லேசாக முறுக்கினாலே நசுங்கிவிடும். சிரை அடைத்த பிறகும் தமனி வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளியே போகத்தான் வழி இருக்காது. அதனால் முதலில் ஃப்ளாப் சிவக்கும், கொஞ்சம் உப்பும், தொட்டால் சூடாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் சட்டென்று திரும்பும். புதிதாகப் பார்ப்பவர் இதை ஆரோக்கியம் என்றே நினைப்பார்.

நானும் நினைத்தேன். அந்த நோயாளி ஒரு தையல்காரர். அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு 2 மணிக்கு சிஸ்டர் கூப்பிட்டார்: "சாயங்காலத்தைவிட சிவப்பா இருக்கு டாக்டர்." போய் அழுத்திப் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, நிறம் வந்துவிட்டது. "நல்ல ஓட்டம் இருக்கு சிஸ்டர், காலையில பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். 6 மணிக்கு அது நாவற்பழ நிறத்தில் தையலைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. கழுத்தைத் திறந்தால் சிரை முழுக்க உறைகட்டி. அதை எடுத்துவிட்டு மறுபடி இணைத்தோம். ஆனால் ஃப்ளாப்புக்குள் இருந்த நுண்குழாய்களும் அதற்குள் உறைந்துபோயிருந்தன. கடைசியில் ஃப்ளாப்பை எடுத்துவிட்டு மார்புத் தசையைத் திருப்பி வைத்தோம். அவர் துணி பிடிக்கும் கையில் வீணாக ஒரு தழும்பு. சிஸ்டர் சரியாகத்தான் கவனித்திருந்தார். எனக்கு இன்னும் ஆறாத கோபம், அவர் சொன்ன பிறகும் தூங்கப் போன என் மேல்தான்.

முன்கைத் தோல் வாய்க்குள் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப 2, 3 நொடி ஆக வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் சந்தேகப்படுங்கள். ரத்தக் குழாய் ஓடும் இடத்தை விட்டுத் தள்ளி ஊசியால் லேசாகக் குத்துங்கள். ஓரிரு நொடி கழித்துப் பளிச்சென்று ஒரு சிவப்புத் துளி வந்தால் சரி. குத்தியவுடனே கருஞ்சிவப்பாக வழிந்தால் அந்த நிமிடமே தியேட்டருக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான அடைப்புகள் முதல் 3 நாட்களுக்குள் வந்துவிடும். முதல் நாள் மணிக்கு ஒருமுறை, ஒரே டார்ச்சால் பாருங்கள், வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால், நோயாளிக்கு இன்னொரு மயக்க மருந்து. அது சின்ன விஷயம் இல்லைதான், ஆனாலும் ஃப்ளாப் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்தப் பயிற்சி மருத்துவர் கையில் ஊசியைக் கொடுத்தேன். கருப்பாகத்தான் வந்தது. தலையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து இணைத்திருந்தோம். தலை நேராக வந்ததும் சிரை தேவைக்கு மேல் நீளமாகி மடிந்திருந்தது. உறைகட்டி இன்னும் உள்ளே பரவவில்லை. நீளத்தைக் குறைத்து மறுபடி தைத்தோம். ஃப்ளாப் பிழைத்துக்கொண்டது.

கழுத்தைச் சுற்றி நாடா

மூச்சு விடக் கழுத்தில் போடும் ட்ரக்கியாஸ்டமி குழாயை நாடாவால் கட்டாமல் தோலோடு தையுங்கள். நாடா அழுத்துவது உங்கள் சிரையைத்தான்.

தொங்க விடுவது

வெளிக்கன்னத்தில் வைக்கும் ஃப்ளாப்பைக் கன்ன எலும்பின் உறையோடு சேர்த்து மாட்டுங்கள். தொடையிலிருந்து எடுத்த கனமான ஃப்ளாப் என்றால் கட்டாயம்.