ஒன்பது மணிக்கு விலை ஏன் அசையவில்லை?

காலை 9 மணிக்கு டிரேடிங் சாஃப்ட்வேரைத் திறந்தால், என் மார்க்கெட் வாட்ச்சில் (நான் கவனிக்கும் பங்குகளின் பட்டியல்) இருக்கும் பங்குகள் எல்லாம் நேற்றைய முடிவு விலையிலேயே நிற்கும். 9.15 ஆனதும் சில பங்குகள் ஒரேயடியாக 3 சதவீதம் ஏறியோ இறங்கியோ திறக்கும். நெட் வேகம்தான் குறை என்று நினைத்து மோடத்தைக்கூட மாற்றினேன். பலனில்லை.

விஷயம் வேறு. நான் பார்த்துக்கொண்டிருந்தது 'கடைசி விலை' கட்டம், அதாவது கடைசியாகப் பங்கு கைமாறிய விலை. என்.எஸ்.இ. என்கிற தேசிய பங்குச் சந்தையில், வழக்கமான வர்த்தகத்துக்கு முந்தைய 'ப்ரீ-ஓப்பன்' நேரத்தில், 9 மணி முதல் 9.08 வரை ஆர்டர்கள் சேரும், அவ்வளவுதான். ஒரு பங்கும் கைமாறாது. அப்புறம் கடைசி விலை எப்படி மாறும்? அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது உத்தேச சமநிலை விலை, அதாவது ஐ.இ.பி. அதிகபட்சப் பங்குகள் கைமாறக்கூடிய ஒற்றை விலை அது. தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து அந்தக் கட்டத்தையும், பக்கத்திலேயே உத்தேச அளவையும் (அந்த விலையில் கைமாறக்கூடிய பங்குகளின் எண்ணிக்கை) சேர்த்தேன். மறுநாள் காலை எண்கள் ஓடத் தொடங்கியதும் அத்தனை நிம்மதி.

ஆனால் 9.03க்குக் காட்டும் விலையை நம்பி இறங்காதீர்கள். ஆர்டர் வாங்குவது நிற்கும்வரை, போட்டவர் தன் ஆர்டரைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஒருநாள் ஒரு வங்கிப் பங்கு 9.04க்கு 812 காட்டியது. அளவு வெறும் 40 பங்கு. 9.07 நெருங்கும்போது 796க்கு வந்துவிட்டது. அளவுக் கட்டம் இல்லாமல் விலையை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

9.07க்கும் 9.08க்கும் நடுவே எந்த நொடியிலும் ஆர்டர் வாங்குவது நின்றுவிடும். அதனால் நான் 9.08க்குப் பிறகு உறுதியாகும் விலையை மட்டும் குறித்துக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் என்.எஸ்.இ. தளத்தின் ப்ரீ-ஓப்பன் பக்கத்தில் அதே எண்ணைச் சரிபார்க்கிறேன்.