ஆர்க்டிக்கில் மகாமகக் குளம்

கும்பகோணத்துக் குளங்களை யூமேப்பில் (இணையத்தில் வரைபடம் உருவாக்கும் தளம்) வரைபடமாக்க நண்பர் ஒரு ஜியோஜேசன் கோப்பு (இடங்களின் ஆயங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) அனுப்பியிருந்தார். ஏற்றினால், மகாமகக் குளம் உட்பட எல்லாப் புள்ளிகளும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன!

நாம் வழக்கமாக அட்சரேகையை முதலில் எழுதுவோம்: 10.96, 79.38. கோப்பிலும் அப்படியே இருந்தது. ஜியோஜேசனுக்கோ தீர்க்கரேகைதான் முதலில் வரவேண்டும்; 2016இல் வெளியான ஆர்எஃப்சி 7946 என்ற ஜியோஜேசன் தர ஆவணம் சொல்வது அது. லீஃப்லெட் என்ற வரைபட நிரல் நூலகத்தில் மார்க்கர் (இடக்குறி) வைக்கும்போது மறுபடி அட்சரேகை முதலில். என்ன கூத்தோ!

ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமையில்லை. எண்களை எக்செலில் போட்டு, லாட் (lat, அட்சரேகை), லான் (lon, தீர்க்கரேகை) என ஆங்கிலத்தில் தலைப்பிட்ட இரு பத்திகளாக்கி, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) ஏற்றினேன். தலைப்பைப் பார்த்தே யூமேப் புரிந்துகொள்கிறது, வரிசை பொருட்டில்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்ததால் தமிழ்ப் பெயர்களும் சிதையவில்லை. பார்வைக்கான சுட்டியை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருத்தும் ரகசியச் சுட்டி என்னிடமே இருக்கிறது.