பிள்ளைகளோடு தீபாவளி நெய் பிஸ்கட்: நாம் செய்கிற தவறுகள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள் அடுக்கடுக்காக வந்துவிடும். அதைப் பார்த்ததும் என் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, பிஸ்கட் எப்போ உருட்டலாம்?" முறுக்கும் அதிரசமும் கொதிக்கிற எண்ணெயில் செய்கிற வேலை. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட முடியாது. நெய் பிஸ்கட் அப்படியில்லை, பாதி வேலை பிஞ்சுக் கைகளுக்கென்றே இருக்கிறது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் என் பாட்டி மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தகரப் பெட்டியை ஏற்றிவைத்து, ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டாகச் சுட்டு எடுப்பார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு மாவு கலக்குவார். உருட்டுவது பேரப்பிள்ளைகளான எங்கள் வேலை. இன்று என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. இப்போது அவர்கள் உருட்டுகிறார்கள்.

இதில் நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் உருட்டி வைத்த பிஸ்கட்டுகள் ஒன்று புளியங்கொட்டை அளவும் இன்னொன்று எலுமிச்சை அளவுமாக இருந்தன. விருந்தினர் பார்ப்பார்களே என்று, அவள் கை கழுவப் போன நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி உருட்டினேன். திரும்பி வந்தவள் தட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அன்று முழுக்கச் சமையலறைப் பக்கமே வரவில்லை. அடுத்த ஆண்டு கூப்பிட்டபோது, "நீங்களே செய்யுங்க, எனக்கு வராது" என்றாள். அவளை மறுபடி மேசைக்கு வரவைக்க எனக்கு நிறைய நாள் பிடித்தது.

அன்றிலிருந்து விருந்தினருக்கான பிஸ்கட்டைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நானே தனியாகச் செய்கிறேன். பிள்ளைகளோடு செய்வது இன்னொரு நாள், ஒரே ஒரு தட்டுக்கான மாவு. அந்தத் தட்டில் நான் கை வைப்பதில்லை. சுட்டதும் அதற்குத் தனிப் போத்தல், அதன் மேல் அவர்கள் பெயர். எல்லோரும் வீட்டுக்கு வந்துபோகிற திறந்த இல்ல உபசரிப்பன்று அந்தப் போத்தல்தான் நடு மேசையில் இருக்கும். இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதுதான், என் அனுபவத்தில், மற்ற எல்லாத் தவறுக்கும் வேர். அவசரமும் அதட்டலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

எங்கள் வீட்டு அளவு: நெய் 200 கிராம், சலித்த ஐசிங் சீனி 150 கிராம், கோதுமை மாவு ஏறக்குறைய 380 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. ஒன்று 10 கிராமாக உருட்டினால் எழுபது பிஸ்கட் வரும். பிள்ளைகளோடு செய்கிற நாளில் இதில் பாதி போதும். மாவை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். கடைசி நான்கைந்து கரண்டியைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் சறுக்குகிற இடம் நெய்யின் பதம். நம் ஊர் மத்தியானச் சூட்டில் சமையலறை 32 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். நெய் இளகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். பிள்ளையின் உள்ளங்கையும் வெதுவெதுப்பாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளை ஒரு உருண்டையை ஐந்து நிமிடம் உருட்டினால் நெய் கசிந்து மாவு பளபளக்கும், ஓவனில் வைத்ததும் அப்படியே பரந்து தட்டையாகிவிடும். உடனே நாம் செய்வது என்ன? இன்னும் கொஞ்சம் மாவு போடுவது. அப்போது பிஸ்கட் வெடிக்கும், வாயில் வைத்தால் மாவு மாவாக ஒட்டும். மாவைக் கூட்ட வேண்டாம், சூட்டைக் குறையுங்கள். காலையிலேயே செய்யுங்கள். கலந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாக வெளியே எடுத்துக் கொடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையவும் கூடாது. பிசைகிற சூட்டிலேயே நெய் பிரிந்துவிடும்.

நெய் விலை கூடிவிட்டது என்று அதே அளவு பட்டரோ மார்ஜரினோ போடுகிறவர்கள் உண்டு. நெய்யில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். பட்டரில் ஆறில் ஒரு பங்கு வரை தண்ணீர். அதனால் வாயில் போட்டதும் கரைகிற அந்தத் தன்மை மாறிவிடும். வேறு பிஸ்கட்டாக ருசிக்கலாம், ஆனால் இது வராது.

சில வீடுகளில் பாண்டான் இலை போட்டு மாவை வறுத்துச் சேர்ப்பார்கள். வாசனை அருமையாக இருக்கும். வறுத்த மாவு நன்றாக ஆறிய பிறகே நெய்யில் சேர வேண்டும். இதில் இன்னொரு விஷயம், வறுத்துவிட்டோமே என்று பிள்ளைகளைப் பச்சை மாவு தின்ன விடாதீர்கள். கோதுமை மாவு வேகாத பொருள். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும். வாணலியில் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. வீட்டில் மாவைச் சூடாக்கிக் கிருமியை நீக்க முயல வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சொல்கிறது. "முட்டை போடவில்லை, தின்னட்டும்" என்று நானும் நினைத்திருந்தேன், அது தவறு. பிள்ளை விரலை நக்கத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உலர்ந்த திராட்சை வைத்துவிட்டால் வாய்க்கு வேலை கிடைத்துவிடும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

மேலே வைக்கிற முந்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு முந்திரி, முழு பாதாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பொடியாக நறுக்கிப் போடுங்கள், அல்லது சிவப்புச் செர்ரியைச் சின்னத் துண்டாக வையுங்கள். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளில் யாருக்காவது கொட்டை வகை ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தப் போத்தலைத் தனியாகவே வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எடுத்துவைக்காமல் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் தவறு. நான்கு வயதுக்காரனின் பொறுமை இருபது நிமிடம். அதில் பத்து நிமிடம் நாம் சல்லடை தேடினால், அவன் ஐசிங் சீனியைத் தரையில் கோலம் போட்டிருப்பான். மாவு கலந்து, தட்டில் தாள் விரித்து, அப்புறம் கூப்பிடுங்கள். சின்னவனுக்கு உருட்டுவதும் செர்ரி வைப்பதும். ஏழு வயதுக்காரிக்குத் தராசில் நிறுப்பது, எண்ணுவது. அவள் 10 கிராம் சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

ஓவனை முன்கூட்டியே பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். 160 பாகையில் 15 முதல் 18 நிமிடம். மேலே வெளுப்பாகவே இருக்கும், அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் வந்தால் போதும். மேலேயும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தீய்ந்த வாடை வந்துவிடும். மேசை மேல் வைக்கும் சின்ன ஓவனில் ஒரு பக்கம் சூடு கூடும், பாதியில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகளின் உருண்டைகளில் பெரியதை ஓரத்திலும் சின்னதை நடுவிலும் அடுக்கினால் ஓரளவு ஒன்றுபோல வேகும். ஓவன் கதவைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் பெரியவர் வேலை. அந்த நேரத்தில் பிள்ளைகள் நிற்க ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவர்.

சுட்டவுடன் கை வைத்தால் நெய் பிஸ்கட் உதிர்ந்துவிடும், உள்ளேயும் நல்ல சூடாக இருக்கும். பத்து நிமிடம் தட்டிலேயே இருக்கட்டும். பிறகு முழுவதுமாக ஆற வேண்டும். வெதுவெதுப்பாகப் போத்தலில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து இரண்டு நாளில் நமுத்துவிடும். அக்டோபர், நவம்பரில் மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிற ஊர் இது. திறந்த தட்டை இரவு முழுக்க வெளியே விடவும் வேண்டாம். காற்றுப் புகாமல் வைத்தால் இரண்டு மூன்று வாரம் மொறுமொறுப்பு போகாது.

கடைசியாக, பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய்க்கார முஸ்லிம் அத்தைக்கு, கொடுக்கிற தட்டு. அவர்களுக்குப் பன்றிப் பொருள் ஆகாது. முட்டை மஞ்சள் பூசுகிறவர்கள் பூசும் தூரிகையைக் கவனியுங்கள். பன்றி முடியால் செய்த தூரிகைகளை உள்நாட்டு வாணிப அமைச்சு 2017இல் கடைகளிலிருந்து பறிமுதல் செய்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சிலிகோன் தூரிகை வாங்கினால் பேச்சே இல்லை. ஜெலட்டின் கலந்த அலங்கார மிட்டாயையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தட்டைக் கொண்டுபோவது சின்னவன் வேலை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பான். போன தீபாவளிக்கு மாக்சிக் தட்டை வெறுமையாகத் தராமல் சீனி போட்டுத் திருப்பித் தந்தார். அவன் அதை எடுத்துவந்து, "அடுத்த பிஸ்கட்டுக்கு" என்று தன் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான்.